மும்பை செம்பூர் ஃபிளாட்டில் தலைதீபாவளி: 15 பேர், ஒரே பாத்ரூம்

செம்பூர்வாசி:
இந்த வருஷம் பொண்ணுக்குத் தலைதீபாவளி. சம்பந்தி வீட்டாரோட சேர்த்து 15 பேர். ஒரு பாத்ரூம், 15 லிட்டர் கீசர். விடியறதுக்குள்ள எல்லாரும் எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சாகணும். தீபாவளி மருந்தும் வீட்லயே கிளறணும். மாப்பிள்ளையைக் கேலி பண்ணப் பசங்க துடிக்கறாங்க, அவரோ கூச்ச சுபாவம். யோசனை சொல்லுங்க.

மாதுங்கா மாமி:
இங்கே ஐப்பசியில சூரியோதயம் 6.30க்கு மேலதான், சென்னையைவிட அரை மணி லேட். 4 மணிக்கு ஆரம்பிச்சா தலைக்குப் பத்து நிமிஷம். கீசர் ஒரு தடவை காயவே கால் மணிக்கு மேல ஆகும், விளாவினா ஒன்றரை பக்கெட்தான் தேறும். அதனால கேஸ்ல ஒரு அண்டா வெந்நீர் கட்டாயம். எண்ணெய் வைக்கறதை ஹால்ல வெச்சுக்கோங்கோ, கோலம் போட்ட மணையில கிழக்கே பார்த்து. நீளத் தலைமுடிக்காரா முதல்ல குளிக்கட்டும், காயணுமே.

கால் லிட்டர் நல்லெண்ணெய்க்கு ஒரு ஸ்பூன் மிளகு, நாலு வெற்றிலை. முந்தின நாளே காய்ச்சிடுங்கோ. வெற்றிலையில ஈரம் இருந்தா முகத்துல தெறிக்கும். சீயக்காய் பாத்ரூம் ஜாலியை (தண்ணி போற ஓட்டை மூடியை) அடைச்சுக்கும். மேல ஒரு பழைய வேட்டித் துணி போட்டு, அஞ்சு பேருக்கொரு தடவை உதறுங்கோ.

சுக்குமிளகு:
மருந்துக்கு: சுக்கு, மல்லிவிதை தலா 25 கிராம். மிளகு, ஓமம், சீரகம் தலா 10. திப்பிலி, கண்டதிப்பிலி, சித்தரத்தை தலா 5. சுக்கையும் சித்தரத்தையையும் தட்டாம மிக்ஸியில போட்டா பிளேடு போயிடும். பொடியை ஒரு மணி நேரம் ஊறவெச்சு விழுதா அரைங்க. 200 கிராம் வெல்லத்தைக் கரைச்சு வடிகட்டி, உடனே விழுதைச் சேர்க்கணும். பாகு கம்பிப்பதம் வந்துட்டா மறுநாள் மருந்து கல்லாயிடும். நெய்யும் நல்லெண்ணெயும் கால் கால் டம்ளர், சிறுதீயில. ஓரத்துல எண்ணெய் பிரிஞ்சா இறக்கலாம். தேன் ஆறினப்புறம்தான்.

ஏசல் பிரியை:
கேலிக்கு ஏசல் பாட்டுதான் சரி. சம்பளம், நிறம், சீர், மோதிரம் பக்கமே போகாதீங்க. அன்னிக்கு நடக்கறதை வெச்சே கட்டுங்க:

"கங்கா ஸ்நானம் ஆச்சுன்னார் மாப்பிள்ளை,
காதோரம் எண்ணெய் இன்னும் போகலை!"

ரெண்டு பாட்டு போதும். எதிர்ப்பாட்டு பாட அவர் தங்கைகிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிடுங்க. பதில் சொல்ல ஆள் இருந்தா கூச்சக்காரரும் சிரிப்பார். லேகியத்துல மிளகாய், செருப்பை ஒளிக்கறது ரெண்டும் வேண்டாம். காலையில கோயிலுக்குக் கிளம்பணும்.

மராத்திக்காரங்க அன்னிக்குக் கரீட்னு ஒரு குட்டிக் கசப்புக் காயை நரகாசுரனா நினைச்சுக் கால் கட்டைவிரலால நசுக்குவாங்க. மார்க்கெட்ல கிடைக்கும். மாப்பிள்ளையை மிதிக்கச் சொல்லி, குழந்தைகளை 'ஒண்ணு, ரெண்டு, மூணு'ன்னு எண்ணச் சொல்லுங்க. சாறு பீச்சும், புது வேட்டி கட்டறதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க.