பூனைக்குப் பால் வைக்கக் கூடாதாம்!

பட்டிக்காரன் (ஒட்டுசுட்டான்):
பூனைக்கு ஒரு கிழமையாக வயிற்றோட்டம், என்ன செய்யலாம் என்று மாங்குளத்துத் தம்பி ஒருவர் இங்கே கேட்டிருந்தார். அதற்குப் பரந்தன் தங்கச்சி, "முதலில் பாலை நிறுத்துங்கள், வளர்ந்த பூனைக்குப் பால் ஒத்துக்கொள்ளாது" என்று பதில் எழுதியிருக்கிறார். வாசித்ததில் இருந்து எனக்கு மனம் ஆறவில்லை. விடிய நான்கரைக்கு நான் பால் கறக்கக் குந்தினால் எங்கள் பூனை தூணடியில் வந்து நிற்கும். முதல் பீச்சு சிரட்டையில் அதற்குத்தான். போருக்குப் பிறகு 2010இல் ஊருக்குத் திரும்பி வந்தபோது வீட்டில் குடியிருந்தது எலி. விதைநெல் மூட்டையை அடியில் ஓட்டை போட்டு உமியை மட்டும் மிச்சம் விட்டிருந்தது. அந்த எலியை அடக்கியது பால் குடித்து வளர்ந்த பூனை. வயிற்றோட்டம் ஒரு நாளும் வந்ததில்லை.

பரந்தன் தங்கச்சி:
அண்ணை, உங்கள் பூனைக்கு ஒத்துக்கொண்டால் சந்தோசம். தாய்ப்பால் மறந்த பிறகு அநேகமான பூனைகளுக்குப் பாலில் உள்ள இலக்ரோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடும். செரிக்காத பால் குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், அதுதான் வயிற்றோட்டம். அந்தத் தம்பி நாளுக்கு ஒரு கோப்பை வைப்பதாக அவரே எழுதியிருக்கிறார். பாலை நிறுத்தி, தண்ணீர் வைத்து, உப்பும் தூளும் போடாமல் அவித்த கோழியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கட்டும். இரண்டு நாளில் நிற்காவிட்டாலோ இரத்தம் போனாலோ மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். குட்டி என்றால் இரண்டு நாள் பார்க்கவே கூடாது.

பட்டிக்காரன்:
மூன்று தலைமுறையாகப் பால் வைக்கிறோம். நீங்கள் எத்தனை பூனை வளர்த்தீர்கள்?

பரந்தன் தங்கச்சி:
இப்போது நான்கு. அதில் ஒன்று கண் திறக்க முதலே தாயை இழந்தது. பக்கத்து வீட்டார் பசுப்பாலைப் பருக்கிப் பருக்கி, வயிறு ஊதி எலும்பும் தோலுமாக என்னிடம் தந்தார்கள். பூனைப்பாலில் இருக்கும் புரதம் பசுப்பாலைப் போல் இரண்டு மடங்கு. குட்டிக்குப் பசுப்பால் காணாது, பெரிய பூனைக்கு அது செரிக்காது. இரண்டு பக்கமும் பிழைதான்.

பட்டிக்காரன்:
பசுப்பால் பிழையாம்! 2022இல் பால்மாவுக்கு வரிசையில் நின்ற நாட்டில் எங்கள் பட்டி மாடுதான் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தது. போன மாசியில் என் கன்றுக்கு நான் செய்த வைத்தியத்தையும் நீங்கள்தான் பிழை என்றீர்கள். நான் மறக்கவில்லை.

கடற்கரைக்காரன் (முல்லைத்தீவு):
பாலும் வேண்டாம், கோழியும் வேண்டாம். சூடை மீன் இரண்டு அவித்துப் போடுங்கள். கரைவலை இழுக்கிற இடத்தில் திரியும் பூனைகளைப் பாருங்கள், மயிர் மினுங்கும். பால் குடிக்கிற பூனை சோம்பேறி.

பட்டிக்காரன்:
சோம்பேறியா? எங்கள் பூனை வைக்கோல் போருக்குள் இருந்து எண்ணெய் விரியன் குட்டியை இழுத்து வந்து முற்றத்தில் போட்டது. பால் குடிக்கிற பூனை.

மல்லாவி ஆசிரியை:
நானும் ஒன்று கேட்க வந்தேன். எங்கள் கடுவனுக்கு ஒன்பது மாதம். கதவுச் சீலையில் பின்பக்கத்தைக் காட்டி நின்று மூத்திரம் பீச்சுகிறது. கதிரைத் துணியையும் பிறாண்டிக் கிழித்துவிட்டது. அடித்தும் பார்த்தேன்.

பரந்தன் தங்கச்சி:
அடிக்காதீர்கள் ரீச்சர், பயத்தில் இன்னும் கூடப் பீச்சும். அது மற்றக் கடுவன்களுக்கு விடுகிற அறிவித்தல். கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தால் அநேகமாக நின்றுவிடும், ஐந்து மாதத்திலேயே செய்திருக்கலாம். சீலையை நன்றாகத் தோய்த்து மணத்தைப் போக்குங்கள், மணம் இருந்தால் திரும்ப அங்கேதான் வரும். கதிரைக்குப் பக்கத்தில் ஒரு பனங்குற்றியில் சாக்கைச் சுற்றி ஆடாமல் நிறுத்துங்கள். பூனை எட்டிச் சோம்பல் முறிக்கிற உயரம் வேண்டும். விசர்நாய்க்கடிக்கான தடுப்பூசியையும் மறக்க வேண்டாம், பூனை கடித்தாலும் அந்த நோய் வரும்.

வவுனியா வாசகி:
நான் பைக்கற் உணவுதான் கொடுக்கிறேன், ஒரு பிரச்சினையும் இல்லை. வன்னியில் இப்போது எல்லாக் கடையிலும் வாங்கலாம்.

கடற்கரைக்காரன்:
வவுனியா ரவுணில் இருந்துகொண்டு வன்னியைப் பற்றிப் பேச வேண்டாம். புதுக்குடியிருப்பு தாண்டி வந்து பாருங்கள்.

வவுனியா வாசகி:
வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனின் சிலை எங்கள் ஊரில் நிற்கிறது. வன்னி எது என்று எங்களுக்கே சொல்லித் தருகிறீர்களா?

பட்டிக்காரன்:
சிலை எங்கேயும் நிற்கட்டும். பைக்கற்றில் பால் இருக்கிறதா?

பரந்தன் தங்கச்சி:
பைக்கற் உணவு காய்ந்தது, தண்ணீர் கூடக் குடிக்க வைக்க வேண்டும். முக்கியமாகக் கடுவனுக்கு. அதன் மூத்திரக் குழாய் ஒடுக்கம், அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

கடற்கரைக்காரன்:
அது உண்மை. என்னுடைய கடுவன் மணலில் போய்க் குந்தும், எழும்பும், மூன்றடி தள்ளித் திரும்பக் குந்தும். மணல் நனையவே இல்லை. நான் மலச்சிக்கல் என்று நினைத்துத் தேங்காயெண்ணெய் பருக்கினேன். அடுத்த நாள் பின்னேரம் படகுக்குக் கீழே விறைத்துக் கிடந்தது.

பட்டிக்காரன்:
பால் கொடுத்திருந்தால் மூத்திரம் இறங்கியிருக்கும்.

கடற்கரைக்காரன்:
அண்ணை, செத்த பூனையில் உங்கள் பாலை ஊற்ற வேண்டாம். இதற்கு மேல் உங்களோடு எனக்குப் பேச்சில்லை.

பரந்தன் தங்கச்சி:
இப்படிக் குந்திக் குந்தி எழும்பும் கடுவனை அன்றைக்கே வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பாலும் எண்ணெயும் வேலை செய்யாது. இன்னொன்று, காய்ச்சல் என்று பரசிற்றமோல் பாதி கூடக் கொடுக்காதீர்கள், அது பூனையைக் கொல்லும். நாய் உண்ணிக்குப் பூசுகிற பெர்மெத்திரின் மருந்தும் அப்படித்தான்.

பட்டிக்காரன்:
பரசிற்றமோலை நான் கொடுக்கச் சொல்லவில்லை. நான் சொன்னது பால். நீங்கள் எதை எழுதினாலும் பாலுக்குப் பதில் இல்லை.

பரந்தன் தங்கச்சி:
முதல் பதிலிலேயே எழுதினேன். ஒரு சிரட்டை அடியில் ஒரு பீச்சு வேறு, நாளுக்கு ஒரு கோப்பை வேறு.

பட்டிக்காரன்:
அப்படியென்றால் ஒரு பீச்சு வைக்கலாம் என்று எழுதுங்கள்.

பரந்தன் தங்கச்சி:
எழுத மாட்டேன். வயிற்றோட்டத்தோடு இருக்கிற பூனைக்கு ஒரு சொட்டும் கூடாது.

மாங்குளத்துத் தம்பி:
கேள்வி கேட்டது நான். பாலை நிறுத்தி இன்றைக்கு மூன்றாம் நாள், கொஞ்சம் இறுகியிருக்கிறது. ஆனால் நேற்று இரவு அம்மா எனக்குத் தெரியாமல் குசினியில் பால் வைத்திருக்கிறா, சட்டி நக்கிக் கிடந்தது.

பட்டிக்காரன்:
அம்மாவுக்குத் தெரியும்.

பரந்தன் தங்கச்சி:
தம்பி, சட்டியைக் கழுவி மேலே வையுங்கள்.