பாலக்காட்டுக் கணவாயை நொய்யல் அறுத்ததாமே!

பேரூரான்: பக்கத்து இழையில் நொய்யல்மைந்தன் எழுதியிருக்கிறார்: "பாலக்காட்டுக் கணவாயை அறுத்துத் திறந்ததே நம் நொய்யல்தான்." படித்ததும் காபி புரையேறிவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையில் விழுந்த அந்த இடைவெளியின் அகலம் சுமார் 30 கிலோமீட்டர். நொய்யலோ வெள்ளியங்கிரியில் பிறந்து கிழக்கே ஓடிக் காவிரியில் சேர்கிறது. முதுகாலா அறுத்தது?

நொய்யல்மைந்தன்: எறும்பு ஊரக் கல்லும் தேயும். இன்று காய்ந்து கிடக்கிறதே என்று அன்றைய ஆற்றை எடை போடாதீர்கள்.

பேரூரான்: எறும்பு எந்தத் திசையில் ஊர்ந்தது? கணவாயில் இருக்கும் வாளையார்ப் பக்கம் பெய்யும் மழை பாரதப்புழை வழியாகப் பொன்னானிக் கடலுக்குப் போகிறது. நொய்யலுக்கு அங்கே என்ன வேலை? 30 கிலோமீட்டருங்க!

சின்னாறு: முதலில் கணவாய் என்று எதைச் சொல்கிறீர்கள்? இடைவெளி முழுவதையுமா, அடிநிலத்தை மட்டுமா?

கரூர்க்காரன்: மலையை அறுத்ததோ இல்லையோ, எங்கள் வயலை அறுத்தது. 1992-ல் ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று அணை கட்டினார்கள். திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கிய குட்டைதான் மிச்சம்.

திருப்பூர்த்தறி: வந்துட்டாருங்க. போட்டிருக்கும் பனியன் எந்த ஊர் என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பேரூரான்: சாயச் சண்டைக்கு வேறு இழை இருக்கிறது. கணவாய் இருக்கும் இடத்தில் பாறையே ஆழத்தில் நசுங்கி நொறுங்கிய பட்டை. ஒரு காலத்தில் இந்தியாவோடு ஒட்டியிருந்த மடகாஸ்கரில் இதற்கு ஜோடி இருப்பதாகவும் புவியியலாளர் சிலர் சொல்கிறார்கள். நொறுங்கிய பாறையை மழையும் ஓடைகளும் கோடிக்கணக்கான ஆண்டுகள் அரித்தன.

நொய்யல்மைந்தன்: "ஓடைகள் அரித்தன." அவரே ஒத்துக்கொண்டார், பாருங்கள்!

பேரூரான்: ஓடைகள் என்றேன். நொய்யல் என்றேனா? சிறுவாணி நொய்யலில் சேர்கிறது என்று போன மாதம் அடித்துப் பேசியவர்தானே நீங்கள்? அது பவானியில் சேர்கிறது, ஐயா. அதற்கே இன்னும் பதில் வரவில்லை.

பொள்ளாச்சித்தென்னை: பேரூர்க்காரர் ஓடை என்கிறாரே! நாமெல்லாம் பள்ளம் என்றுதானே சொல்வோம்? சங்கனூர்ப் பள்ளம் உங்கள் கோவையில்தானே ஓடுகிறது?

கரூர்க்காரன்: ஓடைதான் சரி. பள்ளம் என்றால் குழி.

பொள்ளாச்சித்தென்னை: தண்ணீர் பறித்த குழிதானுங்க அது!

சின்னாறு: நான் கேட்டதற்கு யாராவது...

நொய்யல்மைந்தன்: ஞாயிற்றுக்கிழமை கோவைக் குற்றாலம் வாருங்கள். தண்ணீர் பாறையை எப்படித் தேய்த்திருக்கிறது என்று காட்டுகிறேன்.

பேரூரான்: வருகிறேன். வரும்போது டேப் எடுத்து வாருங்கள். 30 கிலோமீட்டர் அளக்க வேண்டும்.