தாது புஷ்டி மருந்தும் தபால்காரரும்: நாடி பிடிக்காமல் எப்படி வைத்தியம் பார்த்தார்கள்?

பழந்தாள்:
வெள்ளைக்காரன் காலத்துத் தமிழ்ப் பத்திரிகைகளில் பக்கத்துக்குப் பக்கம் ஒரே விளம்பரம்தான்: தாது நஷ்டம் (விந்து வீணாவது), சொப்பன ஸ்கலிதம் (தூக்கத்தில் விந்து வெளிப்படுவது), ஞாபக மறதி, நரம்புத் தளர்ச்சி. மருந்து வருவதோ ஜாம்நகரிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும். நாடி பிடிக்காமல், முகத்தையே பார்க்காமல் நோயை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? காசு எப்படிப் போய்ச் சேர்ந்தது? மாத்திரைக்குள் என்னதான் இருந்தது? கட்டுரை ஒன்றுக்காகக் கேட்கிறேன். பொதுவாகச் சொல்லாமல் நடைமுறை விவரமாகச் சொன்னால் உதவும்.

அஞ்சல்பை:
காசு விஷயத்தை நான் சொல்கிறேன். இந்த வியாபாரத்தையே தூக்கி நிறுத்தியது 1877-இல் வந்த வி.பி.பி., அதாவது பணம் கட்டிப் பார்சல் வாங்கும் தபால் முறை. மருந்து வியாபாரி பார்சலோடு படிவமும் நிரப்பித் தருவார். வாங்குபவர் ஊர்த் தபாலாபீசில் பணம் கட்டினால்தான் பார்சல் கைக்கு வரும். அந்தப் பணம் மணியார்டராக வியாபாரிக்குத் திரும்பும். மணியார்டரைத் தபால் இலாகா 1880-இல் ஏற்று நடத்தத் தொடங்கியது. முன்பின் தெரியாத ஊர்க்காரனுக்கு முன்பணம் அனுப்பும் பயம் இதனால் போயிற்று.

கோளாறு எங்கே என்றால், பார்சல் வந்ததும் பையன் பயந்துபோய் "நான் கேட்கவில்லை" என்று சொல்லிவிடுவான். பார்சல் திரும்பிவிடும், போக வரத் தபால் செலவு வியாபாரி தலையில். பெரிய ஆர்டருக்கு முன்பணம் கேட்டது அதனால்தான். எதிர்த் திசையிலும் மோசடி உண்டு: கேட்காதவனுக்கே வி.பி.பி. அனுப்புவது, வீட்டில் யாராவது பணம் கட்டி வாங்கிவிடுவார்கள் என்ற கணக்கு. உண்மையான ஆர்டரின் பேரில்தான் அனுப்புகிறேன் என்று அனுப்புபவரிடம் உறுதிமொழி கேட்க 1898 தபால் சட்டத்தில் இடம் வைத்தது இதற்காகத்தான்.

"வியாதியைக் கவரில் எழுதவும்" என்று விளம்பரத்தில் இருப்பதையும் கவனியுங்கள். 1879-இல் வந்த காலணா கார்டு மலிவு, ஆனால் ஊரே படிக்கும். இலவசப் புத்தகம் கேட்கக் கார்டு போதும். அந்தரங்கத்துக்குக் கவர்.

சரக்குப்பெட்டி:
இலவசப் புத்தகம்தான் தூண்டில். 1881-இல் தொடங்கிய ஜாம்நகர் ஆதங்க நிக்ரஹ மருந்துச்சாலை மாத்திரை 32 கொண்ட டப்பாவை 1 ரூபாய்க்கு விற்றது. கூடவே காமசாஸ்திரம் என்ற புத்தகத்தைத் தபால் செலவுகூட வாங்காமல் அனுப்பியது. மற்றவர்களும் அதே வழியில் போனார்கள்.

இந்த வகைப் புத்தகங்கள் இரண்டு பயங்களை ஒன்றாக முடிச்சுப் போட்டன. உடம்பின் ஏழு தாதுக்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக, அன்னரசத்தில் தொடங்கி ஏழாவதான சுக்கிலத்தில் (விந்தில்) முடியும் என்பது நம் பழைய வைத்தியம். ஏழாவது போனால் ஆறும் போச்சு என்பது அதிலிருந்து எடுத்த பயம். இன்னொன்று ஐரோப்பாவிலிருந்து இறக்குமதி: கைப்பழக்கத்தால் உடம்பு கெடும் என்று சுவிட்சர்லாந்து மருத்துவர் டிஸோ 1760-இல் கிளப்பிவிட்டது, பிறகு பிரான்ஸில் லாலமாண்ட், 1869-இல் அமெரிக்காவில் பியர்டு நரம்புத் தளர்ச்சிக்கு வைத்த 'நியூரஸ்தீனியா' என்ற பெயர். பரீட்சைக்குப் படிக்கும் பையனின் தலைவலிக்கும் தூக்கமின்மைக்கும் இங்கிலீஷ் பெயரும் கிடைத்தது, சாஸ்திரக் காரணமும் கிடைத்தது.

பிறகு கேள்வித்தாள்: வயது, தொழில், கல்யாணமானவரா, மலச்சிக்கல் உண்டா, இடுப்பு வலி, மறதி, நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம்? இருபது வயதுக்காரன் எவனும் நாலைந்துக்கு 'ஆம்' போடாமல் தப்ப முடியாது. நாடியே தேவைப்படவில்லை.

ஆளை உறுதியாக விழவைத்தது வேறு: மூத்திரத்தைக் கண்ணாடித் தம்ளரில் பிடித்து வைத்துப் பார், கலங்கினால் தாது போகிறது என்பது. பெரும்பாலும் அது பாஸ்பேட் உப்பு. சாப்பிட்டு ஓரிரு மணி நேரத்தில் மூத்திரம் காரத்தன்மைக்குத் திரும்பும், காய்கறிச் சாப்பாட்டுக்காரருக்கு இன்னும் அதிகம். அப்போது பாஸ்பேட் வெள்ளையாகப் பிரியும். சில சொட்டுக் காடி (வினிகர்) விட்டால் தெளிந்துவிடும். ஆறிய பிறகு செங்கல் நிறத்தில் வண்டல் படிந்தால் அது யூரேட், லேசாகச் சூடு காட்டினால் கரையும். இரண்டுமே சுக்கிலம் அல்ல. காடி சொட்டும் பகுதியை எந்தப் புத்தகக்காரர் எழுதப் போகிறார்!

மாத்திரைக்கோல்:
உள்ளே என்ன என்று டப்பாவில் போடமாட்டார்கள். இன்ன கம்பெனி மருந்தில் இன்னது என்று சொல்லப் பகுப்பாய்வு வேண்டும். ஆனால் இந்த வியாதிக்கென்று புழங்கிய சரக்குகள் தெரிந்தவைதான்.

அபின்: காமினி வித்ராவண ரஸம் என்ற ஆயுர்வேத மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அக்கரகாரம், சுக்கு, கிராம்பு, குங்குமப்பூ, திப்பிலி, ஜாதிக்காய், ஜாதிபத்திரி, சந்தனத்தோடு கொஞ்சம் லிங்கம் (பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சிவப்புச் சரக்கு), கந்தகம். மொத்த எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அபின். முதல் வாரத்திலேயே குணம் தெரியும், ஏனென்றால் அபின் ஸ்கலிதத்தைத் தள்ளிப்போடும். வினை பிறகுதான். பழகிய உடம்பில் அபினை நிறுத்தினால் வியர்வை, பேதி, தூக்கமின்மையோடு தானாகவே ஸ்கலிதமும் ஆகும். 'மருந்தை விட்டதும் வியாதி திரும்பிவிட்டது' என்று அடுத்த டப்பாவுக்கு எழுதுவான். இதைவிட நல்ல வாடிக்கையாளர் யாருக்குக் கிடைப்பார்?

பொட்டாசியம் புரோமைடு: இங்கிலீஷ் வைத்திய முறைச் சரக்கு, ஒரு வேளைக்கு 10 முதல் 30 கிரெயின் (ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம்). உடம்பை விட்டு வெளியேற வாரக்கணக்கில் ஆகும். தொடர்ந்து குடித்தால் தேங்கி முகப்பரு, மந்தம், மறதி. புத்தகம் சொன்ன அடையாளங்களே அவைதான்.

எட்டிக்கொட்டை: பாலில் வேகவைத்துத் தோலும் முளையும் நீக்கிச் சுத்தி செய்வது முறை. சுத்தி சரியாக இல்லாவிட்டாலும் அளவு மிஞ்சினாலும் தாடை இறுகும், கைகால் வெட்டி இழுக்கும். லேசான துடிப்பை 'நரம்பு முறுக்கேறுகிறது' என்று எடுத்துக்கொண்டவர்களும் உண்டு.

சீமைச் சரக்கும் நிறைய. சானடோஜன் என்பது பெரும்பாலும் பால் புரதம், கொஞ்சம் கிளிசரோபாஸ்பேட். 1930-களில் பெர்லினிலிருந்து ஒகாஸா மாத்திரை வந்தது: ஆணுக்கு வெள்ளி டப்பா, பெண்ணுக்குத் தங்க டப்பா.

பழந்தாள்:
நன்றி ஐயா. 'ஸ்வர்ண பஸ்பம் (தங்க பஸ்பம்) சேர்ந்த மகரத்வஜம்' என்ற ரச மருந்துக்குக் கூடுதல் விலை போட்டிருக்கிறார்களே, நிஜமாகவே தங்கம் உண்டா?

மாத்திரைக்கோல்:
செய்முறையில் உண்டு, மருந்தில் அநேகமாக இல்லை. தங்கத்தகடு 1 பங்கு, பாதரசம் 8, கந்தகம் 16. முதலில் தங்கத்தையும் ரசத்தையும் கலந்து, கந்தகம் சேர்த்துக் கறுப்பாக அரைத்து, சீலைமண் செய்த (துணியும் மண்ணும் பூசிய) குப்பியில் மூன்றில் ஒரு பாகம் மட்டும் நிரப்பி, மணல் மறைவில், அதாவது மணல் நிரப்பிய பாத்திரத்தில் புதைத்து, எரிக்க வேண்டும். கந்தகம் ஏறிக் கழுத்தை அடைத்தால் குப்பி வெடிக்கும், ஆகவே பழுக்கக் காய்ச்சிய கம்பியை விட்டுவிட்டு எடுக்க வேண்டும். குப்பி வாயில் நீலச்சுடர் அணைந்ததும் மூடுவது. கழுத்தில் சிவப்பாகப் படிவது ரசமும் கந்தகமும் சேர்ந்த பொருள். தங்கம் குப்பியின் அடியில் தங்கிவிடும், அதை எடுத்து அடுத்த முறைக்கும் போடலாம்! தனியாக ஸ்வர்ண பஸ்பம் சேர்த்தால்தான் தங்கம். அதைத் தபாலில் வாங்கியவன் எங்கே சோதிப்பான்?

அஞ்சல்பை:
சட்டம் பற்றி ஒரு வரி. ஆபாச அச்சுத்தாளைத் தபாலில் அனுப்ப 1898 சட்டத்திலேயே தடை இருந்தது, ஆனால் 'வைத்திய நூல்' என்ற பெயர் பலரைக் காப்பாற்றியது. மருந்தியல் அறிஞர் சோப்ரா தலைமையிலான மருந்து விசாரணைக் குழு 1930-31-இல் அமைந்தது. அதன் வழியாக வந்த 1940 மருந்துச் சட்டம் இங்கிலீஷ் வைத்திய மருந்துகளைத்தான் பிடித்தது. விளம்பர வாசகத்தின் மேலேயே கை வைத்தது 1954-இன் மருந்து, மாயத் தீர்வு விளம்பரச் சட்டம்தான்.

தேதி கிழிந்துபோன தாள் இருந்தால் தபால்தலைக் கணக்கைப் பாருங்கள். 'கவருக்கு அரையணா ஸ்டாம்பு வைக்கவும்' என்றால் 1922-க்கு முந்தையது, அந்த வருஷம் கவர் ஓரணா ஆயிற்று. கார்டுக்கு அரையணா என்றிருந்தால் அதற்குப் பிந்தையது. எதற்கு ஸ்டாம்பு என்று பார்க்காமல் வருஷம் போட்டுவிடாதீர்கள்.