சண்டிப்பூர் சோதனை: பாராட்டு யாருக்கெல்லாம் சேர வேண்டும்?

கடலோரத்தான்:
2024 ஜூலை 24 அன்று ஒடிசா கடற்கரையில் நடந்த ஏவுகணை இடைமறிப்புச் சோதனையைச் சொல்கிறேன். மாலை 4.20-க்கு தாம்ராவிலிருந்து, எதிரி ஏவுகணை போல நடிக்கும் இலக்கு ஏவுகணை கிளம்பியது. தரையிலும் கடலிலும் இருந்த ரேடார்கள் அதைப் பிடித்தன. 4.24-க்கு சண்டிப்பூரிலிருந்து எதிர் ஏவுகணை பாய்ந்தது. மறுநாள் பேச்செல்லாம் அடித்த ஏவுகணையைப் பற்றித்தான். இலக்கை ஏவிய குழுவைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை.

நேர்கோடு:
இலக்கை ஏவியதில் என்ன பெருமை இருக்கிறது? எங்கிருந்து வரும் என்று எல்லாருக்கும் முன்பே தெரியும். எதிரி சொல்லிவிட்டு வரமாட்டான். பாராட்ட வேண்டுமென்றால், வரும் பாதையை நொடியில் கணித்து, எதிர் ஏவுகணையை அந்தப் பக்கம் திருப்பிவிடும் மென்பொருளை எழுதியவர்களைப் பாராட்டுங்கள்.

கடலோரத்தான்:
2010 மார்ச் 15-ஐ நினைத்துப் பாருங்கள். இலக்காக ஏவிய பிருத்வி ஏவுகணை பாதை தவறிக் கடலில் விழுந்தது. எதிர் ஏவுகணை மேடையை விட்டு எழவே இல்லை. நீங்கள் சொல்லும் மென்பொருள் தயாராகத்தான் இருந்தது. சோதித்துப் பார்க்க இலக்கு இல்லை, அவ்வளவுதான்.

கம்பிச்சுருள்:
ஹைதராபாத்தில் கேபிள் கட்டும் ஒரு சிறு பட்டறையில் ஆறு வருஷம் இருந்தேன். பாதுகாப்புத் துறை ஆர்டர்கள் வரும். எதற்குப் போகிறது என்று சொல்லமாட்டார்கள். கேபிள் முனையில் இருக்கும் ஒவ்வொரு பின்னையும் இழுத்துப் பார்த்து, லென்ஸில் பார்த்து, அட்டையில் கையெழுத்து போட வேண்டும். ஒருநாள் ஷிப்ட் முடிகிற நேரத்தில் ஒரு பின் லேசாக ஆடுவதை என்னோடு வேலை செய்த அக்கா கண்டுபிடித்தார். அந்தக் கட்டு முழுவதையும் பிரித்து மறுபடி செய்தோம். எங்கள் வேலை எதிலாவது பறந்ததா என்று இன்றுவரை தெரியாது. ஆனாலும் இந்த மாதிரிச் செய்தி வந்தால் அந்த அக்காவுக்குத்தான் முதலில் போன் செய்வேன்.

நேர்கோடு:
அவர் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் எல்லாரையும் பாராட்டினால், தோற்கும்போது யாரைக் கேட்பது? ஒரு திட்டத்துக்குப் பொறுப்பாளர் வேண்டும்.

கம்பிச்சுருள்:
எங்கள் அட்டையில் கையெழுத்தே அதற்குத்தானே, சார்? தப்பென்றால் அன்றைக்கே தேடி வருவார்கள். சரியாக இருந்தால் யாரும் வரமாட்டார்கள்.

உப்பங்கழி:
சோதனை நடந்த அன்று ஏவுதளத்தைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டருக்குள் இருந்த 10 கிராமங்களில் 10,000-க்கும் மேற்பட்டோர் வீட்டைப் பூட்டிவிட்டு முகாமுக்குப் போனார்கள். அவர்களும் இந்த அணிதான்.

நேர்கோடு:
இதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அணி என்றால் விரும்பிச் சேர்ந்திருக்க வேண்டும். அவர்களுக்கு வேறு வழியே இல்லை. 'நீங்களும் அணி' என்று சொல்லிவிட்டால், இழப்பீட்டை உயர்த்திக் கேட்பதே தேசத்துக்கு எதிரான பேச்சாகிவிடும். அவர்களுக்குச் சேரவேண்டியது கூலி. அதைக் குறையில்லாமல், நாள் தள்ளாமல் கொடுங்கள்.

உப்பங்கழி:
சரி, நான் போட்ட 'அணி' என்ற சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கூலி விஷயத்தில் உங்கள் பக்கம்தான்.

கடலோரத்தான்:
நானும்தான். ஆனால் நேர்கோடு, இலக்குக் குழு பற்றி நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. 2010-க்கு என்ன சொல்கிறீர்கள்?