இரண்டாவது மறுப்பு வாக்கு என்னுடையது

பதிவு 1

விதி உங்களுக்குத் தெரிந்ததுதான். 1975இல் மேரிலாந்தின் சில்வர் ஸ்பிரிங்கில் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ் வழியில், அதாவது குடியை விட்டவர்கள் தாங்களே சேர்ந்து நடத்தும் வீடுகளில், இருப்பவர்களில் 80 விழுக்காட்டினர் சம்மதித்தால்தான் புதியவருக்கு இடம். நாங்கள் ஏழு பேர். இரண்டு மறுப்பு விழுந்தாலே கதவு அடைபட்டுவிடும். சென்ற குளிர்காலத்தில் அந்த இரண்டாவது மறுப்பை நான் அளித்தேன்.

குடிநோய்ச் சிகிச்சையில் 28 நாள் முடித்து, எங்களிடம் இடம் கேட்டு வந்தவர், வாடகைப் பங்கு, வேலை, வாராந்தரக் கூட்டம் என எல்லாவற்றுக்கும் நேராகவே பதில் சொன்னார். “அறைத்தோழர் ஒளித்துக் குடிப்பதைப் பார்த்தால் எங்களிடம் சொல்வீர்களா?” என்று கேட்டபோது மட்டும் வெகுநேரம் மேசையையே பார்த்திருந்துவிட்டு, “முதலில் அவரிடம்தான் பேசுவேன்” என்றார். மேலாளர் இல்லாத வீட்டில் ஒருவரை ஒருவர் மறைக்கத் தொடங்கினால் எல்லோரும் விழுவோம் என்று அஞ்சினேன். முடிவைக் கேட்டவர், வாசலில் விட்டிருந்த பையை எடுத்தார். அதன்மேல் ஒரு தலையணை கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. அன்றிரவே தங்கலாம் என்று நம்பி வந்திருக்கிறார்.

பதிவு 2

நீங்கள் செய்தது சரியே. எங்கள் வீட்டில் ஒருவர் நட்புக்காக மூன்று வாரம் மறைத்தார். இறுதியில் இருவருமே குடித்து, இருவருமே வெளியேற நேர்ந்தது. ஆனால் கேள்வியை அத்தோடு நிறுத்தாமல், “பேசிய பிறகும் அவர் விடாவிட்டால்?” என்று மறுபடி கேளுங்கள். வாடகைப் பங்குக்கு எந்த வேலை தேடுகிறார் என்று விசாரியுங்கள். வீட்டுப் பொறுப்புகள் ஆறு மாதத்துக்கொருமுறை கைமாறுவதால், கணக்கு எழுதும் பொறுப்பு வந்தால் ஏற்பாரா என்றும் பாருங்கள். குடிக்காமல் இருந்த நாட்களை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவீர்கள்.

பதிவு 3

இரண்டாம் பதிவரோடு நான் உடன்படவில்லை. அதே கேள்விக்கு “உடனே சொல்வேன்” என்று தயங்காமல் சொல்லி, எல்லா வாக்குகளையும் பெற்று நுழைந்தவன் நான். நான்கு மாதம் கழித்து, அறைத்தோழரின் காபிக் கோப்பையில் விஸ்கி வாடை அடித்தபோது, முதலில் அவரிடம்தான் பேசினேன். ஒருநாள் அவகாசம் கேட்டார்; கொடுத்தேன். மறுநாளும் அதே வாடை அடித்ததால், அன்று மாலையே வீட்டுத் தலைவரிடம் சொன்னேன். இரவு அவருடைய பெட்டிகளைக் காருக்குச் சுமந்து சென்றவனும் நானே. நீங்கள் மறுத்தவர், நான் செய்ததைத்தான் முன்கூட்டியே உண்மையாகச் சொல்லியிருக்கிறார். விண்ணப்பத்தில் அவருடைய எண் இருக்கும். அடுத்த இடம் காலியானதும் அழையுங்கள்.