12 டோர்ச் வாங்க முதல்: 18650 செல்லையும் டோர்ச்சின்ர கட்டமைப்பையும் எப்பிடிச் சோதிக்கிறது?

நாலாம்மாடி எழுதியது:

வணக்கம். வெள்ளவத்தையில எங்கட அடுக்குமாடியின்ர இரவுக் காவலாளிகளுக்கு 12 சார்ஜ் டோர்ச் எடுக்க வேணும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில ரெண்டு வகை மாதிரிக்கு வாங்கியிருக்கு. ரெண்டிலையும் ஒரு 18650 செல்தான் (திரும்பத் திரும்பச் சார்ஜ் பண்ணுற லிதியம் செல்).

அ: பெட்டியில "20000 லூமன்" (வெளிச்சத்தின்ர அளவு), செல்லில "9900 எம்ஏஎச்" (கொள்ளளவு, மில்லியம்பியர் மணியில) எண்டு போட்டிருக்கு.
ஆ: பெட்டியில "800 லூமன்", செல்லில "2600 எம்ஏஎச்". விலை அ-வைப் போல ரெண்டரை மடங்கு.

வாங்கின அண்டு கண்ணுக்கு ரெண்டும் ஒரே வெளிச்சம்தான். கையில இருக்கிறது சாதாரண மல்ரிமீற்றர் (டிடி-830 வகை), சமையலறைத் தராசு, ஃபோன். இதுகளை வச்சு எவ்வளவு தூரம் சோதிக்கலாம்? காவலாளிக்கு ஒரு இரவில மொத்தம் ரெண்டு மணித்தியாலமாவது நல்ல வெளிச்சம் வேணும், மழையில நனையும், கடற்கரைப் பக்கம்.

ஓம்_விதி எழுதியது:

டோர்ச்சை விடுங்கோ, முதல்ல செல்லைப் பாருங்கோ. செல் சரியில்லையெண்டால் மிச்சச் சோதனை எல்லாம் வீண்.

தராசில வையுங்கோ. நல்ல 18650 செல் 44 முதல் 50 கிராம் வரை நிறுக்கும். சாம்சுங், எல்ஜி, பானசோனிக் செல்லுகள் எல்லாம் இந்த எல்லைக்குள்ளதான். 35 கிராமுக்குக் கீழ எண்டால் உள்ளுக்குள்ள சின்னச் செல், மிச்சம் வெறும் இடம். 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம் உள்ள தகரக் குவளைக்குள்ள பெரிய தயாரிப்பாளர்கள் அடைக்கிற கொள்ளளவு பெரும்பாலும் 3500, 3600 எம்ஏஎச் அளவிலதான் நிக்குது. சாம்சுங் 30கியூ 3000, சாம்சுங் 35ஈ 3500. 9900 எண்டு எழுதினவர் செல்லை அளந்து எழுதேல்ல.

அடுத்தது வந்த நிலையில வோல்ற்றளவு. 3.4 முதல் 3.7 வரை இருந்தால் சாதாரணம். 2.5-க்குக் கீழ எண்டால் சந்தேகம். 2.0-க்குக் கீழ போய்க் கிடந்த செல்லைத் திரும்பச் சார்ஜ் பண்ணாதேங்கோ. உள்ளிருக்கிற செம்புத் தகடு கரைஞ்சு, பிறகு சார்ஜ் ஏறேக்க வேற இடத்தில படிஞ்சு, உள் ஷோர்ட் ஆகலாம். 2022 மின்வெட்டுக் காலத்தில வாங்கி அலுமாரியில போட்ட டோர்ச்சுகளுக்குள்ள இப்ப இருக்கிறது இப்பிடிச் செல்லாவும் இருக்கலாம்.

பிறகு முழுசாச் சார்ஜ் பண்ணுங்கோ. டோர்ச்சுக்குள்ள வச்சில்லை, வெளியில. டிபி4056 சார்ஜ் பலகை போதும். 1 அம்பியரில ஏத்தி 4.2 வோல்ற்றில நிப்பாட்டும். பலகை சுடும், அது பிழையில்லை. செல் சுடக்கூடாது. கையில இளஞ்சூட்டுக்கு மேல போனால் கழட்டிப்போடுங்கோ. மெத்தையில, மரமேசையில வேண்டாம், சீமெந்துத் தரையில அல்லது ஓட்டில வையுங்கோ. சார்ஜ் முடிஞ்சு ஒரு நாள் விட்டு அளந்தால் 4.15-க்கு மேல நிக்க வேணும். தானா இறங்கிக்கொண்டு போற செல்லை நான் ஏற்கமாட்டன்.

இனித்தான் முக்கியமான சோதனை, சுமைச் சோதனை, அதாவது செல்லில இருந்து கூடின கரண்டை இழுத்துப் பார்க்கிறது. 2.2 ஓம், 10 வோற் சீமெந்து ரெசிஸ்ரர் ரெண்டை சமாந்தரமாச் சேர்த்தால் 1.1 ஓம். சும்மா இருக்கேக்க செல்லின்ர வோல்ற்றைக் குறியுங்கோ, சுமையைப் பிடிச்சு 10 செக்கனில திரும்பக் குறியுங்கோ, உடன விடுங்கோ. மீற்றர் முனையைச் செல்லின்ர ரெண்டு முனையிலயும் நேரா வைக்க வேணும். சுமை வயரில வச்சால் வயரில விழுற வோல்ற்றும் சேர்ந்து நல்ல செல்லும் கெட்ட செல்லாத் தெரியும். விழுந்த வோல்ற்றை, அந்த நேரம் ஓடின அம்பியரால (சுமை வோல்ற் ÷ 1.1) பிரிச்சால் உள்தடை, அதாவது செல்லுக்குள்ளயே இருக்கிற தடை. 0.03 முதல் 0.07 ஓம் வரை நல்லம். 0.1 தாண்டினால் சாதாரண வீட்டு டோர்ச்சுக்குச் சமாளிக்கும், உங்கட வேலைக்குக் காணாது.

கொள்ளளவு பார்க்க 4.7 ஓம், 10 வோற் ரெசிஸ்ரர். கிட்டத்தட்ட முக்கால் அம்பியர் இழுக்கும். 10 நிமிசத்துக்கு ஒருக்கா வோல்ற் எழுதிக்கொண்டு வந்து 3.0-இல நிப்பாட்டுங்கோ. ஒவ்வொரு வாசிப்பையும் 4.7-ஆல பிரிச்சு, ஆறால பிரிச்சு, எல்லாத்தையும் கூட்டினால் அம்பியர் மணி. ரெசிஸ்ரர் கை வைக்க முடியாத சூட்டுக்குப் போகும், தரை ஓட்டில வையுங்கோ. 3.0-க்குப் பிறகு வோல்ற் மளமளவெண்டு விழும், ஆனபடியால் பக்கத்திலயே இருங்கோ.

செம்புக்கம்பி எழுதியது:

ஓம்_விதி அண்ணா செல்லப் பத்திச் சொல்லிட்டாரு. நான் டோர்ச்சோட உடம்பப் பத்திச் சொல்றேன்.

வால் மூடியக் கழட்டி, செல்லோட மைனஸுக்கும் அலுமினிய உடம்போட விளிம்புக்கும் நடுவுல மீற்றரை 10 அம்பியர்ல வச்சு எவ்வளவு இழுக்குதுன்னு பாக்கறதுதான் வழக்கம். ஆனா டிடி-830 கூட வர்ற மெல்லிசு வயர் நம்மள ஏமாத்தும். அந்த வயரோட தடையும் சேர்றதால 2.8 அம்பியர் இழுக்கிற டோர்ச் 2.3-ன்னு காட்டும். அதனால மீற்றரை நேரா நடுவுல போடாதீங்க. வீட்டு வயரிங்குக்குப் போடுற 1/1.13 வயர்ல (1.13 மில்லிமீற்றர் விட்டத்துல ஒத்தச் செம்புக்கம்பி) ஒன்னேகால் மீற்றர் எடுங்க. நடுவுல சரியா 1 மீற்றர் அளந்து ரெண்டு இடத்துல மேல்தோலைச் சீவுங்க. அந்த வயராலயே மைனஸையும் உடம்பையும் சேருங்க. இப்ப சீவின ரெண்டு இடத்துக்கும் நடுவுல மீற்றரை 200 மில்லிவோல்ற்ல வச்சுப் பாருங்க. அந்த ஒரு மீற்றர் செம்போட தடை நம்ம ஊர்ச் சூட்டுக்கு 0.018 ஓம். 50 மில்லிவோல்ற் காட்டினா 2.8 அம்பியர். ஃபியூஸ் போகாது, வயர் ஏமாத்தாது.

அப்படியும் 10 அம்பியர்ல வச்சே பாக்கறதுன்னா ரெண்டு விசயம். அந்தத் துளைக்குப் பக்கத்துலயே 10 செக்கனுக்கு மேல வைக்காதேன்னு அச்சடிச்சிருக்கும், அதை மதிங்க. பாத்து முடிச்ச கையோட சிவப்பு வயரைத் திரும்ப வோல்ற் துளைக்கு மாத்துங்க. மறந்துட்டு அடுத்த செல்லோட வோல்ற் பாக்கப் போனா, அது அந்தச் செல்லை நேரா ஷோர்ட் பண்றதுதான். மலிவு மீற்றர்ல அந்தப் பக்கம் ஃபியூஸே கிடையாது.

அடுத்து முன்தலையைத் திருகிக் கழட்டி டிரைவர் பலகையப் (எல்இடி-க்குப் போற கரண்டைக் கட்டுப்படுத்துற பலகை) பாருங்க. மூணு காலோட குட்டிக் குட்டிச் சிப் வரிசையா இருந்தா அது 7135. ஒன்னுக்கு 350 மில்லியம்பியர், சிலதுல 380. எண்ணிப் பெருக்கினா டோர்ச் எவ்வளவு இழுக்கணும்னு தெரியும். எட்டு இருந்தா 2.8 அம்பியர். சிப்பே இல்லாம ஒரே ஒரு ரெசிஸ்ரர் மட்டும் இருந்தா செல் இறங்க இறங்க வெளிச்சமும் இறங்கிட்டே போகும், குறை வோல்ற்றுல நிறுத்துற வேலையும் நடக்காது.

லூமன் கணக்கும் இங்கேயே முடிஞ்சுடும். 2.8 அம்பியர், எல்இடி மேல 3.3 வோல்ற், அதாவது 9 வோற் சொச்சம். வோற்றுக்கு 100 லூமன்னு வச்சா 900. கண்ணாடியும் பிரதிபலிப்பானும் தின்னது போக 700, 750 வெளிய வரும். ஒத்தச் செல்லுல 20000 வரணும்னா 200 வோற் வேணும், அது 50 அம்பியருக்கு மேல.

சூடு பாக்கறதுல பலரும் தலைகீழா விளங்கிக்கிறாங்க. 3 அம்பியர் டோர்ச்சை முழு வெளிச்சத்துல 5 நிமிசம் விட்டா தலைப்பக்கம் நல்லாச் சுடணும். சுட்டா எல்இடி-யோட சூடு உடம்புக்கு வருதுன்னு அர்த்தம். உடம்பு குளிர்ச்சியா இருந்து வெளிச்சம் நீலமா மாறினா, எல்இடி ஒட்டியிருக்கிற அலுமினிய வட்டு உடம்பைத் தொடாம அந்தரத்துல நிக்குது. சூடு போக வழியில்லாம எல்இடி வெந்துடும். வட்டுக்கு அடியில வெள்ளைப் பசை இருக்கா, வட்டு ஆடுதான்னு பாருங்க. பசை மட்டும்தான் இல்லைன்னா நம்மளே போட்டுக்கலாம்.

வெளிச்சத்தை அளக்க, இருட்டின குளியலறையில டோர்ச்சை நிமிர்த்தி வெள்ளைக் கூரையைப் பாக்க வைங்க. பக்கத்துல ஃபோன்ல லக்ஸ் ஆப், அதாவது வெளிச்சம் அளக்கிற ஆப். ஃபோனையும் டோர்ச்சையும் கடைசிவரை அசைக்காதீங்க. 30 செக்கன்ல முதல் வாசிப்பு, பிறகு 5 நிமிசத்துக்கு ஒன்னு. ஃபோன் காட்டுற எண்ணு உண்மையான லக்ஸா இல்லாட்டியும் பரவாயில்லை, ஆரம்பத்துல 100-ன்னா இப்ப எவ்வளவுங்கிற விகிதம்தான் தேவை. பெட்டியில போடுற நேரக் கணக்குல ஒரு சூட்சுமம் இருக்கு. அமெரிக்க எஃப்எல்-1 முறையில வெளிச்சம் 10 சதவீதத்துக்கு இறங்குற வரைக்கும் ஓடுற நேரம்னு கணக்கு. காவலாளிக்கு அது உதவாது, நீங்க 50 சதவீதத்தை எல்லையா வைங்க.

நாலாம்மாடி எழுதியது:

ரெண்டு பேருக்கும் நன்றி. மூண்டு நாளா அளந்தது இது.

அ: நிறை 31 கிராம். சும்மா 4.16, சுமையில 3.41 வோல்ற். உள்தடை 0.24 ஓம். கொள்ளளவு 870. டிரைவரில சிப் இல்லை, ஒரு ரெசிஸ்ரர் மட்டும். 1/1.13 வயரில தொடக்கத்தில 25 மில்லிவோல்ற் (1.4 அம்பியர்), 15 நிமிசத்தில 13. வெளிச்சமும் பாதிக்குக் கீழ. உடம்பு குளிர், ஒளி நீலம். வட்டு விரலால தள்ள ஆடுது.

ஆ: நிறை 45 கிராம். 4.18, சுமையில 3.99. உள்தடை 0.052. கொள்ளளவு 2480. எட்டுச் சிப். 50 மில்லிவோல்ற், 15 நிமிசத்துக்குப் பிறகும் 49. தலை நல்லாச் சுடுது. முழு வெளிச்சத்தில 48 நிமிசத்தில 50 சதவீதத்துக்கு வந்திட்டுது.

எனக்கு ரெண்டு மணித்தியாலம் வேணுமே. ஆ-வும் காணாதா?

ஓம்_விதி எழுதியது:

ஆ நல்ல டோர்ச். 2480-ஐ 2.8 அம்பியரால பிரிச்சால் 53 நிமிசம். நீங்கள் அளந்த 48 அதோட பொருந்துது. முழு வெளிச்சத்தில ரெண்டு மணித்தியாலம் எந்த ஒத்த 18650 செல்லாலயும் வராது. நடு வெளிச்சத்தில பாருங்கோ. அது 30, 40 சதவீதம் எண்டால் ஒரு அம்பியர் சொச்சம்தான் இழுக்கும், ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல தாராளமா ஓடும். மூண்டில ஒரு பங்கு வெளிச்சம் கண்ணுக்கு மூண்டில ஒண்டாத் தெரியாது, பாதிக்கு மேல தெரியும். படிக்கட்டு, வாகனத் தரிப்பிடத்துக்கு அது காணும். தொலைவுக்கு மட்டும் முழுசாப் போடச் சொல்லுங்கோ.

கடற்காற்று எழுதியது:

தம்பி, ஆ-வை எடுக்கிற முடிவு சரி. ஆனா கடற்கரைப் பக்கம் எண்டபடியால் இன்னும் மூண்டு விசயம் பாருங்கோ.

வால் மூடியில இருக்கிற ஸ்பிரிங். புதுசில மினுங்கும். காலி வீதிக்குக் கடல் பக்கமா நாலைஞ்சு மாசம் இருந்தால் மங்கி, பிறகு பச்சை பூக்கும். 2.8 அம்பியர் அந்தத் துருவுக்குள்ளாலதான் ஓடுது. டோர்ச் மினுக்கினால் செல்லைக் குறை சொல்ல முதல் ஸ்பிரிங்கையும், உடம்பின்ர விளிம்பையும், மரையையும் ஐசோபுரொப்பைல் அல்ககோலால துடைச்சுப் பாருங்கோ. ஸ்பிரிங்கில எவ்வளவு விழுது எண்டு அறிய, டோர்ச் எரியேக்க ஸ்பிரிங்கின்ர அடிக்கும் நுனிக்கும் நடுவில மில்லிவோல்ற் பாருங்கோ. 100 தாண்டினால் சிலிக்கோன் உறை போட்ட மெல்லிய செம்பு வயர் ஒண்டை அடியிலயும் நுனியிலயும் ஈயம் வச்சு ஒட்டிவிடுங்கோ. வயர் ஸ்பிரிங்கைவிடக் கொஞ்சம் நீளமா இருக்க வேணும், இல்லாட்டி அமத்தேக்க அறும்.

தண்ணிச் சோதனையைச் செல் போட்டுச் செய்யாதேங்கோ. செல்லுக்குப் பதிலா திசுக் கடதாசியைச் சுருட்டி உள்ளுக்கு வச்சு இறுக்கி மூடி, வாளித் தண்ணியில அரை மணித்தியாலம் அமத்தி வையுங்கோ. வெளியால துடைச்சிட்டுத் திறவுங்கோ. கடதாசி எங்க ஈரமோ அங்கதான் ஓட்டை. அனேகமா சார்ஜ் துளையின்ர இறப்பர் மூடிப் பக்கம்தான் நனைஞ்சிருக்கும். ஓ-ரிங்குக்கு (தண்ணி போகாம மரையில இருக்கிற இறப்பர் வளையம்) சிலிக்கோன் கிறீஸ் மட்டும் பூசுங்கோ. வசலீன் சில வகை இறப்பரை ஊத வைக்கும்.

மூண்டாவது சார்ஜ் துளை. டோர்ச்சிலயே செருகி முழுசா ஏத்தி, பச்சை லைற் வந்ததும் செல்லைக் கழட்டி அளவுங்கோ. 4.15 முதல் 4.22 வரை சரி. 4.25 தாண்டினால் அந்தத் துளையைப் பாவிக்கவே வேண்டாம், உள்ளுக்கு ஒழுங்கான சார்ஜ் சுற்று இல்லை. யூஎஸ்பி-சி எண்டால் ரெண்டு பக்கமும் சி உள்ள வயராலயும் செருகிப் பாருங்கோ. 5.1 கிலோ ஓம் ரெசிஸ்ரர் ரெண்டு போடாத பலகை அந்த வயரில ஏறாது, பழைய அகல முனை வயரில மட்டும் ஏறும். ஆபத்தில்லை, ஆனா இரவு முழுக்கச் செருகி வச்சிட்டு விடியப் பார்த்தால் சார்ஜே ஏறியிருக்காது.

நாலாம்மாடி எழுதியது:

நன்றி அக்கா. கடதாசிச் சோதனையில சார்ஜ் துளைப் பக்கம்தான் லேசா நனைஞ்சுது. செல்லை வெளியில சார்ஜ் பண்ணிக்கொண்டு, அந்தத் துளையைச் சிலிக்கோன் பசையால அடைச்சால் சரிதானே? 12-உம் வந்தாப் பிறகு ஒவ்வொண்டுக்கும் எல்லாச் சோதனையும் செய்ய வேணுமா?

கடற்காற்று எழுதியது:

அடைக்கலாம். வினாகிரி மணம் வாற சிலிக்கோன் வேண்டாம், அது செம்பை அரிக்கும். மணமில்லாத, நியூற்றல் எண்டு போட்டதைக் கேட்டு வாங்குங்கோ. அடைச்சு ஒரு நாள் காய விட்டுத் திரும்பக் கடதாசி வச்சுப் பாருங்கோ.

செம்புக்கம்பி எழுதியது:

12-க்கும் நிறை, சும்மா வோல்ற், 10 செக்கன் சுமை மட்டும் போதும். எல்லாத்தையும் முழுசாச் சார்ஜ் பண்ணின பிறகு ஒரே நாள்ல பாருங்க. சுமையில மத்ததைவிட 0.1 வோல்ற் குறைவா காட்டுற செல்லைத் தனியா எடுத்து வைங்க, அதுக்கு மட்டும் கொள்ளளவு பாத்துட்டுக் கடையில மாத்துங்க. செல்லோட மேல்தோல் கிழிஞ்சிருக்கான்னு ஒவ்வொன்னையும் விரலால தடவிப் பாருங்க, முக்கியமா பிளஸ் பக்க விளிம்பு. அந்தத் தோலுக்கு அடியில இருக்கிற குவளை முழுக்க மைனஸ். அந்த விளிம்புல கிழிசல் இருந்தா செல் போடுறப்பவே ஷோர்ட் ஆகலாம்.

அ-வோட செல்லைக் குப்பை வாளியில போட்டுடாதீங்க. ரெண்டு முனையும் டேப் ஒட்டி, இலத்திரனியல் கழிவு எடுக்கிற இடத்துல குடுங்க.