ரவுடி வைத்த பைப் பாமுக்கு எதற்கு ராணுவம்?

மருதம்:
அயர்லாந்து நடைமுறையைச் சொல்கிறேன். டப்ளினில் ஒரு வீட்டு வாசலில் பைப் பாம் (குழாயில் வெடிமருந்து அடைத்த நாட்டுக் குண்டு) கிடந்தால், அந்நாட்டுப் போலீஸான கார்டா தெருவை அடைக்கும், அக்கம்பக்கத்தாரை வெளியேற்றும், அப்புறம் ராணுவத்தின் பாம் ஸ்குவாட் வரும்வரை நிற்கும். கார்டாவுக்கென்று தனி பாம் ஸ்குவாட் கிடையாது. வட அயர்லாந்து பற்றி எரிந்த காலத்தில் இது சரிதான். 1974 மே 17 அன்று டப்ளினிலும் மோனகனிலும் கார் குண்டுகளுக்கு 33 பேர் பலியானார்கள். இப்போது போதைமருந்துக் கும்பல்காரனும் எதிராளியை மிரட்ட பைப் பாம் வைக்கிறான். இது போலீஸ் வேலை இல்லையா? லண்டன் மெட் போலீஸ் சொந்தமாக ஆள் வைத்திருக்கிறதே?

சேனாபதி:
அந்த ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் ராணுவத்தில் இருந்தவர்கள். 1981-ல் ஆக்ஸ்ஃபோர்ட் தெருவில் குண்டைச் செயலிழக்கச் செய்யும்போது இறந்துபோன கென்னத் ஹோவர்த் உட்பட. லண்டனைத் தாண்டினால் பிரிட்டிஷ் போலீஸும் ராணுவத்தைத்தான் கூப்பிடுகிறது.

மருதம்:
முன்னாள் ராணுவத்தார் வரட்டுமே, யார் வேண்டாம் என்றது? மெட்டில் அவர்கள் போலீஸுக்குக் கீழே வேலை பார்க்கிறார்கள். அயர்லாந்தில் 9,500 பேர் இருக்க வேண்டிய ராணுவத்தில் 2023-ல் 8,000 பேர்கூட இல்லை. அதிலிருந்துதான் லெபனானுக்கும் ஐ.நா. பணிக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

கெமிஸ்ட்ரி_வாத்தியார்:
கூப்பிடுவது கும்பல் குண்டுக்கு மட்டும் இல்லை சார். பள்ளி லேபில் வருஷக்கணக்கில் காய்ந்து, வெடிக்கும் நிலையில் கிடக்கும் ரசாயனம், பரணில் கிடைத்த பழைய கையெறி குண்டு, வெறும் புரளி, எல்லாவற்றுக்கும் அதே ராணுவ வண்டிதான். இதையெல்லாம் போலீஸ் தலையில் கட்டுவீர்களா?

மருதம்:
பழைய குண்டை ராணுவமே எடுக்கட்டும். என் கவலை வழக்கு. செயலிழக்கச் செய்பவர் ஒரு துறை, துப்புத் துலக்குபவர் இன்னொரு துறை. நடுவில் தடயம் என்ன ஆகும்?

சேனாபதி:
ஒன்றும் ஆகாது. முடிந்த இடத்தில் எல்லாம் குண்டை வெடிக்க விடுவதில்லை. ரோபோவை அனுப்பி, தண்ணீரைப் பாய்ச்சிப் பாகங்களைப் பிரித்துவிடுவார்கள். சிதறியதைப் பொறுக்கி கார்டாவிடம் கொடுப்பார்கள். அந்த ராணுவ அதிகாரியே கோர்ட்டில் கூண்டேறி, அது நிஜ குண்டா பொம்மையா என்று சாட்சி சொல்வார். சட்டமும் பல் இல்லாதது அல்ல. 1883-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் அங்கே இன்னும் உயிரோடிருக்கிறது. சந்தேகத்துக்கு இடமாக வெடிபொருள் வைத்திருந்தாலே 14 வருஷம் வரை உள்ளே போகலாம். நல்ல காரியத்துக்குத்தான் வைத்திருந்தேன் என்று நிரூபிப்பது அவன் பாடு.

மருதம்:
பிடிபட்டால்தானே 14 வருஷம்! செய்து கொடுப்பவன் ஒருத்தன், வைப்பவன் கூலிப் பையன். லிமெரிக் நகரில் ஒன்று, டப்ளினில் ஒன்று கிடைத்தால் இரண்டும் ஒரே கைவேலையா என்று போலீஸ்காரனே தொட்டுப் பார்க்க வேண்டாமா?

சேனாபதி:
தாராளமாகப் பார்க்கட்டும், ராணுவம் எடுத்துக் கொடுத்த பிறகு.